சிவகங்கை ஜமீன்: அண்ணன் மகனுக்கா, சொந்த மகளுக்கா?

சிவகங்கை ஜமீன் வழக்கு, ஒரே குடும்பத்தின் அண்ணன் வழி ஆண் வாரிசுகளும் தம்பி வழிப் பெண் வாரிசுகளும் 19ஆம் நூற்றாண்டில் நடத்திய சொத்துரிமைப் போராட்டம். 1829இல் மூண்ட இந்தத் தகராறுக்கு 1863இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. இந்துச் சட்டம் படிப்பவர்கள் அத்தீர்ப்பை இன்றும் படிக்கிறார்கள்.

சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதத் தேவர் 1772இல் காளையார்கோவிலில் கொல்லப்பட்டார். 1780இல் அவருடைய மனைவி வேலு நாச்சியார் சீமையை மீட்டார். பின்னர் தளபதிகளான மருது சகோதரர்கள் கையில் இருந்த ஆட்சி, 1801இல் அவர்கள் தூக்கிலிடப்பட்டதோடு முடிந்தது. அரச குடும்பத்தின் உறவினரான படமாத்தூர் கௌரி வல்லபரை அதே ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி ஜமீன்தார் ஆக்கியது. அவருடைய அண்ணன் ஓய்யாத் தேவருக்கு ஜமீன் கிடைக்கவில்லை.

கௌரி வல்லபருக்கு மனைவியர் ஏழு பேர். அவர் இறந்தபோது மூவர் உயிருடன் இருந்தனர். மகள்கள் உண்டு, மகன் இல்லை. ஓய்யாத் தேவரின் மகன் ஜமீனைக் கைப்பற்றினார். அவருக்குப் பின் அவர் வழியினரே அனுபவித்தனர். எதிர்த்து வழக்காடிய விதவை அங்கமுத்து நாச்சியார் கீழ்நீதிமன்றங்களில் தோற்றார். அவர் இறந்த பிறகு, கௌரி வல்லபரின் மகள் காத்தம நாச்சியார் வழக்கைக் கையிலெடுத்தார்.

அண்ணன் தரப்பின் வாதம் எளிது: சகோதரர்கள் பாகம் பிரியாதவர்கள், கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் இறந்தால் எஞ்சிய ஆண்களுக்கே சொத்து போகும். பாகப்பிரிவினை நடந்ததா என்ற சர்ச்சைக்குள் பிரிவி கவுன்சில் போகவில்லை. குடும்பம் பிரியவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், இந்த ஜமீன் முன்னோர் சொத்தா என்பதைத்தான் அது பார்த்தது. பழைய அரசு முடிந்துபோனது. கம்பெனி புதிதாகக் கொடுத்தது கௌரி வல்லபருக்கு மட்டுமே. ஆகவே அது அவருடைய சுயார்ஜித சொத்து. அதில் அண்ணனுக்குப் பங்கே இருந்ததில்லை. பங்கு இல்லாத இடத்தில் எஞ்சியவர் உரிமை எழாது. மகன் இல்லாத நிலையில் மனைவிக்கும், அவருக்குப் பின் மகளுக்கும் சொத்து சேரும். காத்தம நாச்சியார் வென்று, 1877இல் இறக்கும்வரை ஜமீன்தாரிணியாக இருந்தார்.

எல்லா வாரிசுச் சண்டைகளும் இந்தக் கேள்வியில் தீர்வதில்லை. ஜெர்மனியின் லிப்பே சிற்றரசில் 1895க்குப் பின் ஆளும் குடும்பத்தின் இரு கிளைகள் மோதியபோது, மூதாதையர் ஒருவரின் மனைவி அரச குலத்துக்குச் சமமானவரா என்று நடுவர்கள் ஆராய்ந்தனர். 1905இல் பீஸ்டர்ஃபெல்ட் கிளை வென்றது. சிவகங்கையிலோ வழக்கை முடித்தது சொத்து வந்த வழி.

விதவைக்கு எதிராக நியாயமாக விசாரித்து அளித்த தீர்ப்பு, அவருக்குப் பின் வரும் வாரிசுகளையும் கட்டுப்படுத்தும் என்ற விதியும் இவ்வழக்கில் வகுக்கப்பட்டதே. காத்தம நாச்சியாருக்குப் பின் கௌரி வல்லபரின் மகள் வழிப் பேரன்மார் வழக்காடினர். தந்தை வழிச் சொத்தில் மகளுக்கு வாழ்நாள் உரிமை மட்டுமே என்று 1881இல் பிரிவி கவுன்சில் உறுதி செய்தது.

1948ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் ஜமீன் முறையை ஒழித்தது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்ணின் வாழ்நாள் உரிமையை முழு உரிமையாக்கியது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுவதும் 2005இலும் வந்தது.