தகிட தகிட தக: ரெகேடோன் பாடலும் கிளப் ரீமிக்ஸும்
கோலார் தங்கவயலின் பெயரைத் தாங்கி 2018இல் வெளிவந்த 'கே.ஜி.எஃப்' கன்னடப் படத்தில், 1970ஆம் ஆண்டின் 'பரோபகாரி' படத்துக்காக எல்.ஆர். ஈஸ்வரி பாடிய துள்ளல் பாடலொன்று, ரவி பஸ்ரூரின் இசையமைப்பில் வேறொரு பாடகியின் குரலில் மீண்டும் ஒலித்தது. நம் திரையுலகம் இதையும் ரீமிக்ஸ் என்றே வழங்கினாலும், பழைய மெட்டைப் புதிதாகப் பாடிப் பதிவுசெய்யும் இம்முறை, லத்தீன் அமெரிக்க ரெகேடோன் பாடல்களுக்கு நடனக் கூடங்களுக்காகச் செய்யப்படும் கிளப் ரீமிக்ஸினின்றும் வேறானது. அதில் மூலப் பாடகரின் குரல்பதிவே எடுத்தாளப்பட, குரலுக்கு அடியில் ஓடும் தாளமும் வேகமும் மட்டுமே மாறுகின்றன.

பனாமாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் உருப்பெற்ற ரெகேடோனின் உயிர், ஜமைக்காவிலிருந்து வந்த 'டெம்பௌ' என்னும் தாளக்கட்டு. எட்டு மாத்திரைகளைத் 'தகிட தகிட தக' என மூன்று, மூன்று, இரண்டாகப் பிரித்துச் சொல்லிப் பார்த்தால் இது தமிழ்ச் செவிக்கு எளிதில் பிடிபடும்: கிக் எனப்படும் கனத்த அடி முதல் மாத்திரையிலும் ஐந்தாம் மாத்திரையிலும் சீராக விழ, ஸ்னேர் எனப்படும் கூரிய அடி இரண்டாம் 'தகிட'வின் தொடக்கத்திலும் 'தக'வின் தொடக்கத்திலும் குறுக்கே விழுவதால், நேர்நடைக்கும் சாய்நடைக்கும் இடையே ஓர் இழுபறி உண்டாகி, கேட்பவரின் கால்களைத் தானே அசைக்கிறது. ரீமிக்ஸ் செய்பவர் ஸ்னேரை அகற்றிக் கிக்கை மட்டும் வைத்துக்கொண்டால், பாடல் மேடையேறுவதற்கு முன்பே பாதி உயிரை இழந்துவிடுகிறது.

வேகமே பெருஞ்சிக்கல். லூயிஸ் ஃபோன்சியின் 'டெஸ்பாசிட்டோ' (2017) நிமிடத்துக்கு ஏறத்தாழ 89 அடிகளில் நடக்க, ஹவுஸ் எனும் நடன இசையோ பெரும்பாலும் 120க்கும் 128க்கும் இடையே ஓடுகிறது. பதிவை வெறுமனே 128க்கு முடுக்கினால் சுருதி ஆறு அரைச்சுரங்களுக்கும் மேலே ஏறி, ஆண்குரல் கீச்சுக்குரலாகிவிடும். இதனால் மென்பொருள், ஒலியை நுண்துண்டுகளாக நறுக்கி, சுருதி மாறாமல் நெருக்கி அடுக்குகிறது. ஆயினும் நெடில்கள் குறுகுவதையும் மெய்யெழுத்துகள் ஒன்றோடொன்று இடிபடுவதையும் அதனால் முற்றிலும் தவிர்க்க இயலாது.

இதற்கு எதிர்வழியும் உண்டு. 2009இல் அமெரிக்காவின் வாஷிங்டன் வட்டாரத்தில், ரெகேடோன் ஓடிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் விருந்தில், டேவ் நாடா என்னும் டிஜே, 'மூம்பா' எனும் டச்சு ஹவுஸ் பாடலின் ரீமிக்ஸை 108 அடிகளுக்குத் தணித்து ஒலிக்கவிட்டார். குரலை விரட்டாமல் தாளத்தை இறக்கிக் கொணர்ந்த அந்தச் சந்திப்பு, 'மூம்பாடோன்' என்னும் தனி இசைவகையாயிற்று.