வீட்டோட இருந்து குழந்தையைப் பார்த்துக்க ஒரு ஆள்: ‘நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி’ என்றால் என்ன அர்த்தம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகச் சுருக்கித் திருத்தியது.)

இந்த எபிசோட்ல, ஒருத்தர் இன்னொருத்தர் வீட்டில் தங்கி அவங்க குழந்தையைப் பார்த்துக்கிறது பற்றிப் பேசப் போறேன்.

எனக்குச் சொந்த ஊர் தாமல். காஞ்சிபுரம் தாண்டி பெங்களூரு ஹைவேல போனீங்கன்னா பெரிய ஏரி ஒண்ணு வரும், அந்த ஊர். இப்போ சென்னையில் இருக்கேன். ஊரும் நகரமும் தெரிஞ்ச ஆள் என்பதால் என்கிட்ட ரெண்டு கேள்வி அடிக்கடி வரும்.

சென்னை நண்பர்கள் கேட்கிறது: “மெட்டர்னிட்டி லீவ் முடியப் போகுது. உங்க ஊர்ப் பக்கம் யாராவது இருந்தா சொல்லேன். வீட்டோட தங்கணும், குழந்தையைப் பார்த்துக்கணும். நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி வெச்சுப்போம்.”

ஊர்ல டிகிரி முடிச்ச பொண்ணுங்க கேட்கிறது: “ஜெர்மனிக்கு ஓ பேரா போகலாம்னு ஒரு ஏஜென்சி சொல்றாங்க. நம்பலாமா?”

ரெண்டும் வேற வேற கேள்வி மாதிரி இருக்கும். ஆனா ரெண்டுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கு. ஒருத்தர் வேலை செய்யும் இடமும் தூங்கும் இடமும் ஒரே வீடா இருந்தா, வேலை எப்போ முடியுதுன்னு யார் சொல்றது?

ஓ பேர் என்றால் என்ன?

பிரெஞ்சுச் சொல். ‘சமமாக’ என்று அர்த்தம். ஒரு இளைஞரோ இளம்பெண்ணோ வேற நாட்டுக்குப் போய், ஒரு குடும்பத்தோட தங்கி, அவங்க குழந்தைகளைப் பார்த்துக்கிட்டு, அந்த நாட்டு மொழியைக் கத்துக்கிறது. குடும்பம் தங்க இடமும் சாப்பாடும் கைச்செலவுக்குப் பணமும் கொடுக்கும். முதலாளி, வேலைக்காரர் என்று இல்லாமல் சமமா இருக்கணும் என்பதுதான் இதன் அடிப்படை. 1969-ல் ஐரோப்பிய கவுன்சில் இதற்காகவே ஸ்ட்ராஸ்பர்கில் ஓர் ஒப்பந்தம் போட்டது.

நம்ம ஊர்ப் பொண்ணுங்க அதிகம் விசாரிக்கிற ஜெர்மனியில் விதி இதுதான். விண்ணப்பிக்கும்போது 18 வயது முடிந்திருக்கணும், 27 ஆகியிருக்கக் கூடாது. ஜெர்மன் மொழி ஏ1 அளவுக்காவது தெரியணும். தங்குவது குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் ஒரு வருஷம். வேலை நாளைக்கு 6 மணி நேரம், வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை. தனி அறை கட்டாயம். கைச்செலவு மாதம் 280 யூரோ. மொழி வகுப்புக்கு மாதம் 70 யூரோ தனி. இன்ஷூரன்ஸ் குடும்பத்தின் பொறுப்பு.

நம்ம ஆட்கள் பல பேருக்குத் தெரியாத ஒரு விதியும் இருக்கு. அந்த வீட்டின் தாய்மொழி ஜெர்மனாக இருக்கணும். ஜெர்மன் தாய்மொழியா இல்லாம, வீட்டில் பேசுகிற மொழியா மட்டும் இருந்தா, பெற்றோரின் பூர்வீக நாட்டிலிருந்து ஓ பேரைக் கூப்பிட முடியாது. அதாவது மியூனிக்கில் இருக்கிற தமிழ்க் குடும்பம் தாமல்லேர்ந்து ஒரு பொண்ணை ஓ பேரா வரவழைக்கலாம்னு நினைச்சா, அந்தக் கதவு பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். சொந்தக்காரங்களையும் கூப்பிட முடியாது. “எங்க அத்தை வீட்டுக்கே ஓ பேரா போறேன்” என்று யாராவது பேப்பர் ரெடி பண்ணித் தந்தா உஷாரா இருங்க.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வாரம் 30 மணி நேரம் என்றால் மாதம் சுமார் 130 மணி நேரம். 280 யூரோவை அதால் வகுத்தா மணிக்கு ரெண்டு யூரோ சொச்சம். அதனாலதான் சட்டமே இதைச் சம்பளம்னு சொல்லாம கைச்செலவுன்னு சொல்லுது. மொழி கத்துக்கலாம், ஊர் பார்க்கலாம், ஒரு வருஷம் வெளியுலகத்தில் இருக்கலாம். அதுக்குப் போறீங்கன்னா சரி. வீட்டுக் கடனை அடைக்கணும்னு போனீங்கன்னா இந்தக் கணக்கு ஒத்துவராது.

அமெரிக்காவில் வாரத்துக்கு 45 மணி நேரம் வரை வேலை. பல வருஷமா வாரத்துக்கு 195.75 டாலர்தான் அடிப்படைத் தொகை. அந்த எண் எப்படி வந்தது? மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். அதை 45-ஆல் பெருக்கி, தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் 40 சதவீதம் கழிச்சா சரியா 195.75 வரும். பல ஏஜென்சிகள் இதையே அதிகபட்சத் தொகை போலக் காட்டிக் கூலியை ஏறவிடாமல் வைத்திருந்தன என்று ஓ பேர்கள் வழக்குப் போட்டாங்க. 2019-ல் அந்த ஏஜென்சிகள் 6.55 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்து வழக்கை முடிச்சுக்கிட்டன.

எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது பிரிட்டன் கதை. அங்கே குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. வீட்டோட தங்கி வேலை செய்பவரைக் ‘குடும்பத்தில் ஒருவராக’ நடத்தினால் குறைந்தபட்சக் கூலி தரத் தேவையில்லை. ஓ பேர் முறைக்குப் பயன்பட்ட விலக்கு அது. முழுநேர வீட்டுப் பணிப்பெண்களைச் சொற்பக் காசுக்கு வைத்துக்கொண்டவர்களும் அதையே காட்டினாங்க. இந்தியாவிலிருந்து போன ஒரு பணிப்பெண்ணின் வழக்கில், இந்த விலக்கு பெண்களைப் பாரபட்சமாகப் பாதிக்கிறது என்று 2020-ல் தொழிலாளர் தீர்ப்பாயம் சொன்னது. 2024 ஏப்ரல் 1-லிருந்து விலக்கே நீக்கப்பட்டது.

கவனிச்சீங்களா? ‘நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி’ என்று நாம வாய்வார்த்தையா சொல்றதை, ஒரு நாடு சட்டத்திலேயே எழுதி வெச்சிருந்தது. அந்த வார்த்தையால் யாருக்குக் காசு மிச்சமாச்சு என்று பார்த்த பிறகுதான் எடுத்துச்சு.

நமக்கு இது பழைய கதை

ஆயா என்ற சொல் போர்ச்சுகீசியத்திலிருந்து வந்தது. பிரிட்டிஷ் குடும்பங்கள் இங்கேயிருந்து கப்பலில் ஊர் திரும்பும்போது, குழந்தைகளைப் பார்த்துக்க ஆயாக்களைக் கூட்டிக்கிட்டுப் போவாங்க. லண்டன் போய்ச் சேர்ந்ததும், திரும்பி வர டிக்கெட் இல்லாமல் அங்கேயே விடப்பட்டவர்கள் உண்டு. அப்படி நின்ற பெண்களுக்காக லண்டனில் ‘ஆயாக்கள் இல்லம்’ என்றே ஒண்ணு இருந்தது. 1900-ல் அது ஹாக்னி பகுதிக்கு மாறியது. அந்தக் கட்டடத்தில் 2022-ல் நினைவுப் பலகை வெச்சிருக்காங்க.

மாசக்கணக்கில் கடலில் குழந்தையைத் தூக்கி வெச்சிருந்தவங்களைக் கரை இறங்கியதும் ‘இனி வேலை இல்லை’ன்னு அனுப்ப முடிஞ்சதுன்னா, காரணம் எளிது. திரும்பும் செலவு யாருடையது என்று எழுத்தில் இல்லை.

அடுத்து எங்க பக்கம். காஞ்சிபுரம் பட்டுப் புடவையில் உடலும் கரையும் வேற வேற நிறத்தில் பிடிச்சுக்கிட்டு நிற்கும், பார்த்திருப்பீங்க. கோர்வைன்னு சொல்வாங்க. அதை நெய்ய மூணு நாடா வேணும். ஒரு பக்கக் கரைக்கான நாடாவைத் தள்ள நெசவாளர் பக்கத்தில் இன்னொரு கை தேவை. பல காலம் அது ஒரு குழந்தையின் கையா இருந்தது. வீட்டுக் கஷ்டத்துக்குப் பெற்றோர் முன்பணம் வாங்குவாங்க. அது கழியிற வரைக்கும் பிள்ளை அந்தத் தறியை விட்டு வர முடியாது. கூலி குறைவு என்பதால் முன்பணம் கழியவே கழியாது. இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-ல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் பற்றியும் இருக்கு.

தறிக்கும் குழந்தை பார்ப்பதற்கும் என்ன சம்பந்தம்? முன்பணம்தான் சம்பந்தம். இன்னைக்கும் ஊரிலிருந்து ஆள் அனுப்புற சில புரோக்கர்கள், “அவங்க வீட்டுக்கு ஒரு அம்பதாயிரம் முன்னாடியே கொடுத்துடுங்க, ஓடிப்போக மாட்டாங்க”ன்னு சொல்றதுண்டு. கேட்க உதவி மாதிரி இருக்கும். ஆனா முன்பணத்தைக் காட்டி ஒருத்தரை வெளியே போக விடாமல் வேலை வாங்கினால், 1976-ல் வந்த கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தில் அது குற்றம். பட்டுத் தறியில் நடந்தாலும் அபார்ட்மென்ட்டில் நடந்தாலும் ஒண்ணுதான்.

நீங்க ஒருத்தரை வெச்சுக்கப் போறீங்களா?

இந்தியாவில் ஓ பேருக்கு என்று தனி விசா கிடையாது. ஆக, இங்கே நடக்கப்போவது கலாசாரப் பரிமாற்றம் இல்லை, வேலை. அதை வேலைன்னே சொல்லிக் கூப்பிடுவோம். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துடும்.

முதல்ல வயது. 14 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளை வீட்டு வேலைக்கு வைக்கக் கூடாது என்பது 2006 அக்டோபர் 10-லிருந்து சட்டம். என் கருத்து, 18-க்குக் கீழ் யாரையும் வைக்காதீங்க. ஒரு குழந்தையைப் பார்த்துக்க இன்னொரு குழந்தை வேண்டாம். அப்படி எங்கேயாவது பார்த்தால் 1098-க்கு அழைக்கலாம்.

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு நல வாரியம் இருக்கு, 2007-லிருந்து. குறைந்தபட்சக் கூலியும் 2018-ல் அறிவிச்சாங்க. வாரியத்தில் பதிவு செய்ய நீங்களே உதவலாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டம் உங்க வீட்டுக்கும் பொருந்தும். வீட்டில் வேலை செய்பவர் மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் கொடுக்கலாம். இதை அவங்களுக்கு முதல் நாளே சொல்லுங்க. சொல்லச் சங்கடமா இருக்கும், ஆனா சொல்லுங்க.

அப்புறம் ஒரு தாள் எடுத்து எழுதுங்க. தமிழில், ரெண்டு பக்கம் போதும். எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடிவு. ராத்திரி குழந்தை அழுதா யார் எழுந்திருக்கணும், அதுக்குத் தனிக் காசா, மறுநாள் ஓய்வா. குழந்தை வேலை மட்டுமா, சமையலும் பாத்திரமும் சேர்த்தா. வாரத்தில் எந்த நாள் லீவு. எங்கே தூங்குவாங்க, கதவுக்கு உள்ளேயிருந்து தாழ்ப்பாள் உண்டா. சம்பளம் எந்தத் தேதி, யார் கணக்குக்கு. நடுவில் நிறுத்தினால் எத்தனை நாள் நோட்டீஸ், ஊருக்குப் போகும் செலவு யாருடையது. ஆதார் கார்டும் போனும் அவங்ககிட்டயேதான் இருக்கணும். வீட்டில் கேமரா இருந்தா எங்கே இருக்குன்னு காட்டிடுங்க.

“இவ்வளவு பேப்பர் போட்டா பாசம் போயிடாதா?” என்று ஒருத்தர் என்னைக் கேட்டார். நான் பார்த்த வரைக்கும் நேர்மாறாத்தான் நடக்குது. காலை ஆறு மணிக்குக் குழந்தை எழுந்து ராத்திரி பத்துக்குத் தூங்கினா, அது 16 மணி நேரம். குழந்தை தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் வேலைதான், அவங்களால எழுந்து வெளியே போக முடியாது. இந்த நேரத்தைக் கணக்கில் எடுக்காத வீட்டில்தான் நாலாவது மாசம் முகம் சுளிக்க ஆரம்பிக்கும். ஆறாவது மாசம் ஊருக்குப் போனவங்க திரும்பி வரமாட்டாங்க. எட்டு மணிக்கு வேலை முடியும்னு தெரிஞ்சா, எட்டரைக்கு அவங்களே குழந்தையைக் கொஞ்ச வருவாங்க. அது அவங்க இஷ்டம்.

அவங்க குழந்தையை யார் பார்த்துக்கிறாங்க?

சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷில்ட் 2000-ல் எழுதிய ஒரு கட்டுரையில் ‘உலகளாவிய பராமரிப்புச் சங்கிலி’ என்று ஒரு கருத்தை முன்வைத்தார். பணக்கார நாட்டுக் குழந்தையைப் பார்க்க ஒரு அம்மா வருகிறாள். அவள் குழந்தையைப் பார்க்க இன்னும் குறைந்த கூலிக்கு இன்னொருத்தி. அவள் குழந்தையைப் பார்க்க அவளோட மூத்த மகள். கீழே போகப் போகக் கூலி குறைஞ்சு, கடைசிக் கண்ணியில் காசே கிடையாது.

இதுக்கு ஃபிலிப்பைன்ஸ் வரைக்கும் போக வேண்டாம், சென்னைக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவிலேயே பார்க்கலாம். வேளச்சேரியில் குழந்தை பார்க்கிற ஒரு அம்மாவுக்கு ஊரில் அஞ்சு வயசுல ஒரு பையன் இருப்பான். பாட்டி கையில் இருப்பான், பகல்ல அங்கன்வாடி. அந்தப் பாட்டிக்கு உடம்பு முடியலைன்னா சங்கிலி அறுந்துடும். அதனால இன்டர்வியூவில் நீங்க கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: “உங்க பசங்களை யார் பார்த்துக்கிறாங்க? அவங்களுக்கு உடம்பு சரியில்லைன்னா எப்படிப் போவீங்க?” பதிலுக்கு ஏத்த மாதிரி லீவையும், தினம் வீடியோ காலுக்கு அரை மணி நேரத்தையும் அந்தத் தாளிலேயே எழுதிடுங்க.

ஜெர்மனி போக நினைக்கிறவங்களுக்கும் இதே தாள்தான். ஒப்பந்தம் கையில் வராமல் பணம் கட்டாதீங்க. அங்கே இருக்கும் ஏஜென்சி ஓ பேரிடம் 150 யூரோவுக்கு மேல் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. இங்கே ஒருத்தர் லட்சங்களில் கேட்டால், எதுக்குன்னு வரிவரியாக் கேளுங்க. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பதாகச் சொல்லும் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பார்த்துக்கோங்க. போற வீட்டோட வீடியோ காலில் ரெண்டு மூணு தடவை பேசுங்க. குழந்தைகளையும் அந்த அறையையும் காட்டச் சொல்லுங்க. போதுமான காசு கையில் இல்லாமல், திரும்பி வர டிக்கெட் எடுக்க வழியில்லாமல் கிளம்பாதீங்க.

உங்க வீட்டில் இப்போ யாராவது வீட்டோட வேலை பார்க்கிறாங்கன்னா, இன்னைக்கு ராத்திரி அவங்களோட உட்கார்ந்து அந்தத் தாளை எழுதிப் பாருங்க. எந்த வரியில் பேச்சு நின்னதுன்னு எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அங்கேயிருந்து பேசுவோம்.