பயிர் நோயைக் காட்டித் தரும் நுண்ணோக்கி

தாமிரபரணியின் தென்கரையில் உள்ள ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழாய்வு நடத்தினார். தாழிகளுக்குள் இருந்த பானைகளில் நெல் உமியும் சிறுதானிய உமியும் கிடைத்தன. உமியில் மணற்சத்து மிகுதி. ஆகவே எளிதில் மக்குவதில்லை. இத்தகைய துணுக்குகள் எந்தப் பயிருடையவை என்பதை ஆய்வாளர்கள் இன்று நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்கின்றனர். அதே கருவிதான் இன்றைய நெல்லுக்கும் வாழைக்கும் வரும் நோயையும் கண்டு சொல்கிறது.

வாழை மஞ்சளாகி வாடினால் காரணம் வாடல் நோய்ப் பூசணமாக இருக்கலாம். வேரைக் குடையும் நூற்புழுவாகவும் இருக்கலாம். பூசண மருந்து நூற்புழுவைக் கட்டுப்படுத்தாது. காரணம் தெரியாமல் மருந்து வாங்கினால் பணமும் போகும், குலையும் போகும்.

கருவியின் பாகங்கள்

பூதக்கண்ணாடியில் இருப்பது ஒரே வில்லை. கூட்டு நுண்ணோக்கியில் வில்லைகள் இரண்டு இடத்தில் உள்ளன. பொருளுக்கு அருகில் உள்ள வில்லை முதலில் உருவத்தைப் பெரிதாக்குகிறது. அந்த உருவத்தைக் கண்ணருகே உள்ள வில்லை மறுபடியும் பெரிதாக்குகிறது. கண்ணருகு வில்லை 10 மடங்கு, பொருளருகு வில்லை 40 மடங்கு என்றால், பொருள் 400 மடங்கு பெரிதாகத் தெரியும்.

பொருளருகு வில்லைகள் மூன்று நான்கு, ஒரு சுழலும் வட்டில் பொருத்தப்பட்டிருக்கும். 4, 10, 40, 100 மடங்கு என்பது வழக்கம். 100 மடங்கு வில்லைக்குக் கண்ணாடித் தகட்டின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் இட வேண்டும்.

தகட்டை வைக்கும் மேடையின் நடுவே துளை உண்டு. அடியிலுள்ள கண்ணாடி அல்லது விளக்கின் ஒளி அதன் வழியே மேலே வரும். ஆகவே வேரையும் இலையையும் ஒளி ஊடுருவும்படி மெல்லியதாகச் சீவ வேண்டும். மேடைக்குக் கீழுள்ள திரையால் ஒளியைக் குறைக்கலாம். நிறமற்ற நூற்புழு அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

பெரிய திருகு உருவத்தைக் கண்ணுக்குக் கொண்டுவரும். சிறிய திருகு தெளிவாக்கும். உருவம் தலைகீழாகத் தெரியும். தகட்டை வலப்புறம் நகர்த்தினால் உருவம் இடப்புறம் நகரும்.

எது தெரியும், எது தெரியாது?

நூற்புழு 40 மடங்கிலேயே நெளிவது தெரியும். வாழை வாடல் பூசணத்தின் பிறை வடிவ வித்துக்களையும், நெல் குலைநோயின் பேரிக்காய் வடிவ வித்துக்களையும் 400 மடங்கில் காணலாம். பாக்டீரியாவுக்கு 1,000 மடங்கு வேண்டும்.

வாழை முடிக்கொத்து நோய்க்குக் காரணம் வைரஸ். அது இந்த நுண்ணோக்கியில் தெரியாது. எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். எனவே அந்நோய் கண்ட வாழையைக் கிழங்கோடு அகற்றி, அதைப் பரப்பும் அசுவினியைக் கட்டுப்படுத்துவதே வழி.

நெல்லில் பாக்டீரியா இலைக்கருகலை அறிய வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. கருகத் தொடங்கிய இலையை வெட்டித் தெளிந்த தண்ணீரில் போட்டால், வெட்டுவாயிலிருந்து கலங்கல் கசிந்து வரும்.

மாதிரி எடுக்கும் முறை

முழுதும் செத்த வாழையிலிருந்து மாதிரி எடுக்கக் கூடாது. அதில் வேறு பூசணங்கள் புகுந்திருக்கும். நோய் தொடங்கிய வாழைகளில் ஐந்தாறு இடங்களில், ஒரு சாண் ஆழத்தில், வேரும் மண்ணும் எடுக்க வேண்டும். ஈரம் காயாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி, வெயில் படாமல் கொண்டு செல்ல வேண்டும். இலைகளைச் செய்தித்தாள் மடிப்பில் வைக்கலாம். பயிர், ரகம், நட்ட நாள், இட்ட உரம், அடித்த மருந்து ஆகியவற்றை எழுதி வைப்பது அவசியம்.

இப்பகுதி விவசாயிகள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, கிள்ளிகுளம் வ.உ.சி. வேளாண்மைக் கல்லூரியையோ அணுகலாம். மருந்துக் கடைக்குப் போகுமுன் மாதிரியைக் காட்டிவிடுவது நல்லது.