அக்காவின் 3.20 அலாரம்

காலை 6 மணிக்கு மைக் முன்னால் உட்கார்ந்து, "எழுந்துட்டீங்களா மக்களே?" என்று கேட்பது என் பிழைப்பு. பல நாள் அதற்கு முதல் பதில் என் சொந்த அக்காவிடமிருந்துதான் வரும். "எழுந்து, குளிச்சு, நாடு விட்டு நாடு வந்து பசியாறிக்கிட்டு இருக்கேன். நீ இப்பதான் ஆரம்பிக்கிறியா?"

அக்கா தாதி. வீடு ஸ்கூடாயில். வேலை சிங்கப்பூரில், ஒரு மருத்துவமனையின் பக்கவாத நோயாளிகள் வார்டில். 2015இலிருந்து இப்படித்தான் போய் வருகிறார், இடையில் ஒரு காலம் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

இதை எழுதக் காரணம் ஒரு நேயர். போன மாதம் ஒரு தம்பி நிகழ்ச்சிக்குக் குரல் பதிவு அனுப்பியிருந்தார். அவருக்கு நிச்சயமாகியிருக்கிறது. பெண் ஈப்போவில் தனியார் மருத்துவமனையில் தாதி. இப்போது சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறதாம். "சம்பளம் மூணு மடங்கு தெரியுது அக்கா. போகச் சொல்லலாமா?" பாட்டு போட வேண்டிய நேரம் நெருங்கிவிட்டதால் வாழ்த்துச் சொல்லி இரண்டு வரியில் சமாளித்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் உறுத்தியது. அந்தப் பதிவை அக்காவுக்கு அனுப்பினேன். "இதுக்கு ரெண்டு வரியில பதில் சொன்னியா?" என்று கேட்டார். அடுத்த விடுப்பில் ஜோகூருக்கு பஸ் ஏறினேன்.

மறுநாள் 3.20க்கு அலாரம் அடித்தது. அடித்தது என்று சொல்ல முடியாது. தலையணைக்கு அடியில் போன் அதிர்ந்தது, அவ்வளவுதான். பிள்ளைகள் விழித்துக்கொள்ளக் கூடாது. இருட்டிலேயே சீருடையை மாற்றி, முந்தின இரவே கட்டிவைத்த பையை எடுத்துக்கொண்டு, 3.50க்கு மாமாவின் மோட்டாரில் பின்னால் ஏறிவிட்டார். நான் கிராப் காரில் பின்தொடர்ந்தேன். 4.15க்கு ஜோகூர் பாரு குடிநுழைவுக் கட்டடத்தில் கால் வைத்தபோது, தைப்பூசத்துக்கு முதல் நாள் பத்துமலையில் நிற்பது போல இருந்தது. தொழிற்சாலைச் சட்டைகள், பாதுகாவலர் உடுப்புகள், அம்மாவின் தோளில் தூங்கியபடியே நடக்கும் பள்ளிப் பிள்ளைகள். எல்லாரும் ஓடுகிறார்கள். பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே ஓடுகிறார்கள். ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் இழப்பது பத்து நிமிடம் மட்டுமல்ல. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் மூன்று பஸ் கூட்டத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று அக்கா ஓடிக்கொண்டே விளக்கினார். நான் மூச்சு வாங்கினேன். எனக்கு 34 வயது, அவருக்கு 41.

1924இல் திறக்கப்பட்ட அந்தக் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல்தான். காலாற நடந்தால் கால் மணி நேரம். அன்று பஸ்ஸில் 25 நிமிடம் ஆனது, "இன்னிக்கு நல்லா போவுது" என்றார் அக்கா. வெள்ளிக்கிழமை மாலைகளில் இதே தூரத்துக்கு இரண்டு மணி நேரம் நின்றதுண்டாம். பையில் இரண்டு பர்ஸ் வைத்திருக்கிறார், ஒன்றில் ரிங்கிட், மற்றதில் சிங்கப்பூர் வெள்ளி. பஸ் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கவும் தெரிந்துவைத்திருக்கிறார். 7 மணிக்கு ஷிப்டு தொடங்கும். பிற்பகல் 3 மணிக்கு மேல் முடிந்து, வீடு வந்து சேரும்போது மணி 6 ஆகிவிடும். எட்டு மணி நேர வேலைக்கு வாசலிலிருந்து வாசலுக்கு 14 மணி நேரம்.

அங்கேயே தங்கிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தங்கலாம். அங்கே ஓர் அறைக்குக் கொடுக்கும் வாடகையில் இங்கே ஒரு வீட்டுக்குக் கடன் கட்டிவிடலாம். அதைவிட, ராத்திரி சாப்பாட்டுக்காவது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது அக்காவின் கணக்கு.

அமெரிக்காவில் 'டிராவல் நர்ஸ்' என்று தனிப் பிரிவே இருக்கிறது. ஏஜென்சி மூலம் ஒரு மருத்துவமனையில் பெரும்பாலும் 13 வார ஒப்பந்தம், முடிந்ததும் அடுத்த ஊர். சம்பளத்தோடு தங்குவதற்கும் படி கிடைக்கும். கோவிட் காலத்தில் அவர்களின் சம்பளம் எங்கேயோ போய், பிறகு இறங்கியது. நம்மூர்த் தாதியர் சிலர் சவுதிக்கும் இங்கிலாந்துக்கும் போய் ஒப்பந்தம் முடித்துத் திரும்புகிறார்கள். இதையெல்லாம் நான் படித்துச் சொன்னபோது அக்கா சிரித்தார். "13 வாரத்துக்கு ஒரு தடவை ஊர் மாறுறதா? நான் தினம் ரெண்டு தடவை நாடு மாறுறேன்."

அந்தத் தம்பி கேட்ட 'மூணு மடங்கு' பொய்யில்லை. 1973 வரை நம் வெள்ளியும் அவர்கள் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளப்பட்டதை அப்பா இன்றும் பெருமூச்சோடு சொல்வார். அக்கா வேலைக்குச் சேர்ந்தபோது ஒன்றுக்கு மூன்றுக்குச் சற்றுக் குறைவு. 2024 தொடக்கத்தில் மூன்றரையைத் தொட்டது. அந்தப் பணத்தில்தான் ஸ்கூடாய் வீட்டுக் கடன் பாதிக்கு மேல் அடைந்தது, குளுவாங்கில் அப்பா அம்மா வீட்டுக்கூரை மாறியது, என் படிப்புக் கடனின் கடைசித் தவணையும் கட்டப்பட்டது. குறை சொல்லும் தகுதி எனக்கில்லை.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. நிரந்தரவாசத் தகுதி இல்லாத மலேசியருக்கு சிங்கப்பூரில் சிபிஎஃப் பிடித்தமும் கிடையாது, முதலாளி பங்கும் கிடையாது. இங்கே வேலை இல்லாததால் கேடபள்யூஎஸ்பியிலும் யாரும் போட மாட்டார்கள். கைக்கு வரும் தொகை பெரிதாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஏழு ஆண்டுகள் அக்கா இதை யோசிக்கவே இல்லை. ஒருநாள் சாப்பாட்டு வேளையில், ஓய்வுபெறப்போகும் ஒரு சீனத் தாதி, "உன் முதுமைக்கு எவ்வளவு வைத்திருக்கிறாய்?" என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்து கேடபள்யூஎஸ்பி கணக்கைத் திறந்து பார்த்தால், அரசு மருத்துவமனையை விட்டபோது இருந்த தொகையும் அதற்கு வந்த ஈவுத்தொகையும்தான். இப்போது மாதம் தவறாமல் சொந்தமாகச் செலுத்துகிறார். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரிங்கிட் வரை அப்படிப் போடலாம். "ஒரு லட்சமா! நான் போடுறது அதுல கால்வாசிகூட இல்ல. ஆனா போடுறேன்" என்றார்.

வேலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அக்காவின் குரல் மாறும். இங்கே ஐந்து ஆண்டு அரசு மருத்துவமனை அனுபவம், புதிய தாதிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நிலை. அங்கே போனதும் சிங்கப்பூர் தாதியர் வாரியத்தின் தேர்வு, பதிவு, எல்லாம் முதலிலிருந்து. முதல் ஆறு மாதம் கழிவறையில் போய் அழுததாக இப்போதுதான் சொல்கிறார். மலேசிய உரிமத்தையும் விடவில்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்கப் புள்ளிகள் சேர்க்க வேண்டும், அதற்காக விடுமுறை நாளில் பயிற்சிக்குப் போவார். எதற்கு இந்தச் சிரமம் என்று மாமா கேட்டதற்கு, "திரும்பி வர்ற கதவு" என்று மட்டும் சொன்னாராம்.

ஒரு தாத்தாவைப் பற்றிச் சொன்னார். வாழ்நாள் முழுக்க ஆங்கிலத்தில் வேலை செய்தவர். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு மெல்லத் திரும்பியபோது ஆங்கிலம் வரவில்லை, தமிழ் மட்டும் வந்தது. அவர் ஏதோ உளறுகிறார் என்றே வார்டில் நினைத்திருந்தார்கள். அக்கா ஷிப்டுக்கு வந்து கேட்டால், "சுடுதண்ணி, சுடுதண்ணி" என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். குடிக்கச் சூடாக ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். விழுங்கும் சோதனை முடிந்து, மருத்துவரிடம் கேட்டு, பதம் பார்த்து அக்கா கொடுத்தார். தாத்தா கையெடுத்துக் கும்பிட்டாராம். ஒரு கையால்தான் முடிந்தது.

இனி 2020. மார்ச் 16 இரவு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அறிவிக்கப்பட்டது. 18ஆம் தேதி எல்லை மூடல். நடுவில் ஒரே நாள். அங்கே இருந்தால் வேலை இருக்கும், இங்கே இருந்தால் பிள்ளைகள் இருப்பார்கள். 17ஆம் தேதி மாலை ஒரு சிறு பெட்டியோடு பாலத்தைக் கடந்தார். இரண்டு வாரம் என்றுதான் சொன்னார்கள், அதற்குத் தகுந்த துணிதான் எடுத்துவைத்தார். மூத்தவளுக்கு 6 வயது, சின்னவனுக்கு 3.

ஜூன் கடைசியில் ஒரு ஞாயிறு மாலை. குளுவாங்கில் அப்பாவும் அம்மாவும், கோலாலம்பூரில் நான், சிங்கப்பூர் விடுதி அறையில் அக்கா. நால்வரும் வீடியோ அழைப்பில் இருந்தோம். அப்பா "சாப்டியாம்மா" என்று கேட்டார். நாக்கு குழறியது. நான் இணையக் கோளாறு என்று நினைத்தேன், ஒலியோடு வாழ்பவள் அப்படித்தான் நினைப்பேன். அக்கா அடுத்த நொடியே, "அப்பா, போன அம்மாகிட்ட குடுங்க. ரெண்டு கையையும் நேரா தூக்குங்க" என்றார். இடது கை பாதியில் இறங்கியது. "சிரிங்கப்பா." வாய் ஒரு பக்கம்தான் போனது. "அம்மா, கடைசியா எப்ப நல்லா பேசுனாரு? மணி சொல்லுங்க." அழுகை, பதற்றம் எதுவுமில்லாத, நான் அதுவரை கேட்டிராத குரல் அது. பக்கத்து வீட்டு அங்கிளின் கார் வருவதற்குள், வாயில் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது, மருத்துவமனையில் போனதும் அந்த மணியை முதலில் சொல்ல வேண்டும் என்று அம்மாவுக்குப் பாடம் நடத்திவிட்டார். ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தை, தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லையென்று தெரிய வேண்டும். நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள். மருந்து போட்டார்கள். அப்பா பிழைத்தார்.

அழைப்பைத் துண்டித்த பிறகு அக்கா என்ன செய்தார் என்று நான் கேட்டதில்லை. இந்த முறைதான் கேட்டேன். "மறுநாள் காலை ஷிப்டு. போனேன்" என்றார்.

நான் அன்றிரவே காரில் கிளம்பி வந்துவிட்டேன். மாநிலம் கடக்க அப்போது அனுமதி வந்திருந்தது. ஆனால் வந்து என்ன பயன்? வாய் மட்டும் உள்ள மகள் பக்கத்தில், கைவேலை தெரிந்த மகள் கடலுக்கு அந்தப் பக்கம். நான் போனைப் பிடித்துக்கொள்ள, அம்மா அப்பாவின் கையை மடக்கி நீட்ட, அக்கா திரைக்குள்ளிருந்து கத்துவார். "தோளப் புடிச்சு இழுக்காதீங்கம்மா! கழண்டுக்கும்!" பகல் முழுக்க வேறு யாரோ அப்பாக்களுக்குக் கரண்டி பிடிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ராத்திரி தன் அப்பாவுக்கு நான்கு அங்குலத் திரையில்.

ஆகஸ்டு 17 முதல் இரு நாட்டுக்கும் இடையே வேலைக்காரர்கள் போய்வர ஓர் ஏற்பாடு வந்தது. குறைந்தது மூன்று மாதம் வேலை செய்துவிட்டு விடுப்பில் வரலாம். வார்டில் ஆள் பற்றாக்குறையால் அக்காவின் விடுப்பு தள்ளிப்போய், தீபாவளியும் முடிந்து, நவம்பர் கடைசியில்தான் கிடைத்தது. தனிமைப்படுத்தல் முடிந்து வீட்டுக்குள் வந்தபோது சின்னவன் அவரிடம் போகவில்லை. "அம்மா" என்று காட்டினால், மேசை மேலிருந்த போனைப் பார்த்தான். அக்கா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். மாமா அந்த இடத்தில் எழுந்து வெளியே போய்விடுவார்.

2022 ஏப்ரல் 1, நள்ளிரவில் பாலம் முழுமையாகத் திறந்தது. மோட்டார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தன. அன்றிலிருந்து மறுபடியும் 3.20 அலாரம். புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு வரப்போகும் ஆர்டிஎஸ் ரயிலில் ஐந்தே நிமிடம்தானே, எல்லாம் சுலபமாகிவிடுமே என்றேன். அக்கா அதையும் கணக்குப் போட்டு வைத்திருந்தார். 2026 இறுதிவாக்கில் ஓடும் என்கிறார்கள். சொல்லப்பட்டிருப்பது காலை 6 மணி முதல் நள்ளிரவு வரை சேவை. "6 மணிக்கு ரயில் ஏறி 7 மணிக்கு நான் வார்டுல நிக்க முடியுமா? வீட்டுக்கு வர்றதுக்கு உதவும். போறதுக்கு இந்த பஸ்தான்."

அந்த நேயர் தம்பிக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். போகவேண்டாம் என்று அக்கா சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு இங்கே கிடைக்காத அனுபவம் அங்கே கிடைக்கும், போகட்டும் என்றார். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன், ஒப்பந்தத்தை நடுவில் முறித்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற பக்கத்தை இரண்டு முறை படிக்கட்டும். முதல் மாதச் சம்பளத்திலிருந்தே கேடபள்யூஎஸ்பியில் போடட்டும். மலேசிய உரிமத்தைக் காலாவதியாக விடவே கூடாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தப் பையனுக்கு சமைக்கத் தெரியுமான்னு கேளு" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சமையலறையில் மாமா மறுநாளைக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். 11 வருடமாக அந்த வீட்டில் இரவுச் சமையல் அவருடையது.

குளிர்பெட்டிக் கதவில் காந்த வில்லையில் ஒரு தாள் தொங்கியது. ஒப்பந்தப் புதுப்பிப்புப் படிவம், இன்னும் இரண்டு ஆண்டுக்கு. பக்கத்திலேயே ஜோகூர் பாருவில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தின் தொலைபேசி எண், அக்காவின் கையெழுத்தில். சம்பளம் பாதிக்கும் கீழே. வீட்டிலிருந்து 15 நிமிடம். மூத்தவளுக்கு இப்போது 12 வயது. அடுத்த ஆண்டு இடைநிலைப்பள்ளி. படிவத்தைக் கொடுக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

எதை முடிவு செய்திருக்கிறார் என்று கேட்டேன். "நாளைக்கு எனக்கு மதிய ஷிப்டு. 8 மணி வரைக்கும் தூங்குவேன். நீ ரேடியோவுல என்ன கேட்டாலும் பதில் வராது" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார்.