பழைய வள்ளமும் புதிய கருவியும்

சென்ற வைகாசி மாதத்தில் ஒருநாள் மாலை, என்னிடம் முன்னர்க் கல்வி பயின்ற இளைஞர் ஒருவர் முல்லைத்தீவிலுள்ள என் இல்லத்திற்கு வந்தார். தந்தையார் விட்டுச்சென்ற பழைய பாய் வள்ளத்தில் ஜீ.பி.எஸ். என்னும் இடங்காட்டும் கருவியைப் பூட்டிய நாளிலிருந்து, அதிலிருந்த திசையறிகருவி பொய் சொல்லத் தொடங்கிவிட்டது என்றார். "சேர், பழசைக் கழற்றி எறிந்துவிடட்டுமா?" என்பது அவர் வினா. நான் வரலாறும் இலக்கியமும் படித்தவன். ஆயினும், மாணவன் கேட்ட கேள்விக்கு விடை தேடுவது ஆசிரியன் கடமையல்லவா?

மறுநாட் காலை கரைக்குச் சென்று பார்த்தோம். குற்றவாளி ஜீ.பி.எஸ். அன்று. அதனோடு வாங்கிய சிறு வானொலிப் பெட்டியைத் திசையறிகருவிக்கு ஒரு சாண் தூரத்திலே தொங்கவிட்டிருந்தார். ஒலிபெருக்கியினுள் வலிய காந்தம் உண்டு. அது ஊசியைத் தன்பால் இழுத்துக்கொண்டது. வானொலியிலே பேசிக்கொண்டு வானொலியைக் குறை கூறுகிறேனே என்று நேயர்கள் நகைக்க வேண்டாம். பெட்டியை ஒரு மீற்றருக்கு அப்பால் வைத்தாற் போதும். பற்றரியிலிருந்து செல்லும் இரு மின்கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிச் செலுத்துவதும் நன்று. அவற்றின் காந்த விளைவுகள் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துவிடும்.

இனி, புதிய கருவி எவ்வாறு இடமறிகின்றது? ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுழலும் செய்மதிகள், அணுக் கடிகாரத்தின் நேரத்தை இடைவிடாது அனுப்புகின்றன. நான்கு செய்மதிகளின் செய்தி கிடைத்தால் கருவி தன் இடத்தைக் கணித்துவிடும். நேரத்தில் ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால், தூரத்தில் 300 மீற்றர் பிழைக்கும்! பொதுமக்களுக்கான செய்தியில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கியது. அதன்பின் சாதாரண மீனவரும் சில மீற்றர் வேறுபாட்டுக்குள் தம் இடத்தை அறியலாயினர்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இக்கருவி வள்ளம் நகரும் திசையைச் சொல்லும். அணியம் நோக்கும் திசையைச் சொல்லாது. வைகாசி, ஆனி மாதங்களில் கச்சானும் சோளகமும் எங்கள் கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகின்றன. நள்ளிரவில் இயந்திரம் நின்றுவிட்டால், காற்று வள்ளத்தை ஆழ்கடலுக்குத் தள்ளும். அப்போது கருவி காட்டும் திசை காற்று இழுத்துச் செல்லும் திசையே. அணியத்தைக் கரைப்பக்கம் திருப்பிப் பாயை விரிக்க, பற்றரி வேண்டாத அந்தப் பழைய ஊசியே துணை. வல்வெட்டித்துறையிற் கட்டிய அன்னபூரணி 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொசெஸ்ரர் துறையை அடைந்தபோது வானிற் செய்மதி ஏது?

மற்றொன்று மணல். நந்திக்கடல் கடலோடு கலக்கும் வட்டுவாகல் முகத்துவாரம் மாரி வெள்ளத்தில் உடைவதும், பின்னர் மணலால் தூர்வதுமாக இருப்பது. சென்ற ஆண்டு ஆழமாயிருந்த இடத்தைக் கருவி பிழையின்றி நினைவில் வைத்திருக்கும். இவ்வாண்டு அங்கே மணற்றிட்டி இருப்பதை அது அறியாது.

இளைஞர் வானொலியைப் பின்பக்கத்திற்கு மாற்றினார். ஊசி தன் நிலைக்கு மீண்டது. இப்போது கரையை அணுகும் வரையில் ஜீ.பி.எஸ்.ஸைப் பார்க்கிறார். அதன்பின், தந்தையார் காட்டிக்கொடுத்த பனைகளைக் குறியாக வைத்தே வள்ளத்தைக் கரைசேர்க்கிறார்.