மீசைச் சீப்புக்கு ஒன்றரை இலட்சம் பவுண்! ஒரு றொக் பாடகரின் தலைமுடிக் கதை தெரியுமா?

ஒரு மீசைச் சீப்பு என்ன விலை போகும்? சலூன் கண்ணாடிக்கு முன்னால் கிடக்கிற பிளாஸ்டிக் சீப்பை விடுங்கள். இது வெள்ளிச் சீப்பு, அமெரிக்காவின் டிஃபனி நகைக்கடைச் சரக்கு. 2023இல் லண்டனில் சதபீஸ் நிறுவனம் இதை ஏலத்துக்கு விட்டபோது 400 முதல் 600 பவுண் வரை போகலாம் என்று மதிப்புப் போட்டிருந்தது. போன விலை 152,400 பவுண்! மேல் மதிப்பின் 250 மடங்குக்கும் அதிகம்!

சீப்பின் சொந்தக்காரர் ஃபிரெடி மெர்குரி. ‘குயீன்’ என்ற ஆங்கில றொக் குழுவின் பாடகர். 1991இலேயே இறந்துபோனவர். அவருடைய மீசையில் பட்ட சீப்புக்கு இந்த விலை என்றால் அந்த மீசைக்கும் அதற்கு முன்பிருந்த நீள முடிக்கும் எப்பேர்ப்பட்ட கதை இருக்கவேண்டும்!

முதல் ஆச்சரியம், அவர் வெள்ளைக்காரர் இல்லை. பெற்றோர் வைத்த பெயர் ஃபரூக் பல்சாரா. குஜராத்திப் பார்சிக் குடும்பம். 1946 செப்டெம்பர் 5ஆம் திகதி ஆபிரிக்கக் கரையோரத் தீவான சன்சிபாரில் பிறந்தார். எட்டு வயதில் பெற்றோர் அவரை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். மகாராஷ்டிர மலையூரான பஞ்ச்கனியில் செயின்ட் பீற்றர்ஸ் விடுதிப் பள்ளி. ‘ஃபிரெடி’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் அங்கேதான். 1958இல், பன்னிரண்டு வயதில், கூட்டாளிகளோடு ‘ஹெக்டிக்ஸ்’ என்று ஒரு பாட்டுக்குழு தொடங்கினார். அந்தக் காலப் படங்களில் பாருங்கள்: நெற்றிக்கு மேலே உயர்த்தி, பின்னுக்கு வாரிவிட்ட முடி. எல்விஸ் பிரெஸ்லியின் பாணி! றொக் உலகமே பின்னால் கொண்டாடிய தலை, முதலில் ஓர் இந்திய மலையூரில்தான் அலங்காரம் கண்டது.

எல்விஸ் என்றதும் இன்னொன்று. அந்தக் கறுகறுத்த முடி அவருடைய சொந்த நிறமே இல்லை, தெரியுமா? இயற்கையில் மண்ணிறம். மை பூசித்தான் கறுப்பு. 1958 மார்ச் 25ஆம் திகதி அமெரிக்க இராணுவம் அவருடைய தலையை ஒட்ட வெட்டியபோது பத்திரிகைக்காரர்கள் சூழ நின்று படம் பிடித்தார்கள். ஒரு பாடகனின் முடிவெட்டு அன்று நாட்டுச் செய்தி!

எங்கள் பக்கமும் இதற்குக் குறைவில்லை. எம். கே. தியாகராஜ பாகவதர் தோள்வரை முடியை வாரிவிட்டார், அது ‘பாகவதர் கிராப்’ ஆயிற்று. 1944 தீபாவளிக்கு வந்த அவருடைய ‘ஹரிதாஸ்’ படம் சென்னையில் ஒரே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பாட்டு கேட்டவர்கள் சும்மா இருந்தார்களா? தலையையும் அவரைப்போல் ஆக்கிக்கொண்டார்கள்.

ஃபிரெடிக்கு வருவோம். அவர் குடும்பத்தின் பார்சிச் சமயத்தில் முடிக்கென்றே சட்டம் இருக்கிறது! சரதுஷ்டிர சமயத்தின் பழைய நூலான வெந்திதாத்தின் 17ஆம் அத்தியாயம் முழுக்க, வெட்டிய மயிரையும் நகத்தையும் எப்படி அகற்றுவது என்பதைப் பற்றியது. கண்ட இடத்தில் போடக்கூடாது, ஒதுக்குப்புறத்தில் குழி தோண்டிப் புதைக்கவேண்டும், இல்லையென்றால் தீய சக்திகள் பெருகும் என்கிறது நூல். வெட்டிய முடியை வீட்டுக்குள் போட விடாத எங்கள் ஆச்சிமார் இதைக் கேட்டால் சரிதானே என்பார்கள்.

1964 ஜனவரியில் சன்சிபாரில் புரட்சி வெடித்தது. குடும்பம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்கு ஓடியது. எங்கள் வன்னியில் யாருக்கும் இந்த வரிக்கு விளக்கம் தேவைப்படாது. லண்டனில் ஓவியக் கல்லூரி, பிறகு கென்சிங்டன் சந்தையில் பழைய உடுப்பு விற்பனை. அப்போதுதான் முடி வளரத் தொடங்கியது. 1970இல் குயீன் பிறந்து, 1973இல் முதல் இசைத்தட்டு வந்தபோது அது தோளுக்குக் கீழே இறங்கிவிட்டது. கறுப்பு நகப்பூச்சு, வெள்ளைப் பட்டு, விரிந்த கறுங்கூந்தல். 1974இல் வந்த இரண்டாம் இசைத்தட்டின் அட்டையில் இருட்டுக்குள் நான்கு முகங்கள் மட்டும் மிதக்கும். ஃபிரெடி நெஞ்சில் கைகளைக் குறுக்காக வைத்து நிற்பார். பழைய ஹொலிவூட் நடிகை மார்லீன் டீட்ரிக்கின் ஒரு படத்தைப் பார்த்துப் பிடித்த காட்சி அது!

தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர்தான் வளரும். முப்பது சென்ரிமீற்றருக்கு இரண்டரை வருடம். கத்தரிக்கோலுக்கு அரை நிமிடம்! வருடக்கணக்காக வளர்த்து, உலகம் முழுக்க அடையாளமாகிவிட்ட ஒன்றை ஒரே இருப்பில் வெட்டிப்போட எவ்வளவு துணிச்சல் வேண்டும்? 1975இல் ‘பொஹீமியன் ராப்சடி’ 5 நிமிடம் 55 விநாடிக்கு ஓடி, பிரித்தானியாவில் ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது நீள முடிக் காலத்தில்தான். அந்தத் தலையை வைத்தே அவர் ஆயுள் முழுக்கச் சமாளித்திருக்கலாம்.

அவர் சமாளிக்கவில்லை. எழுபதுகளின் பிற்பகுதியில் முடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகியது. 1979இல் மியூனிக் ஹோட்டலொன்றின் குளியல் தொட்டிக்குள் கிடந்தபடி, சில நிமிடங்களில், ஒரு பாட்டு எழுதினார். எல்விசுக்கு வணக்கம் சொல்லும் பாட்டு. வீடியோவில் முடியைக் குறுக்கிப் பின்னுக்கு வாரி, தோல் சட்டையோடு நின்றார். பஞ்ச்கனிப் பையன் இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்துவிட்டான்! அடுத்த வருடம் மீசை.

மீசைதானே, அதில் என்ன என்று எங்களுக்குத் தோன்றும். மீசை இல்லாத மாப்பிள்ளையை ஒருமாதிரிப் பார்க்கிற ஊர் எங்களுடையது. ஆனால் 1980 அமெரிக்கப் பயணத்தில் ரசிகர்கள் மேடைக்கு என்ன எறிந்தார்கள் தெரியுமா? சவர ரேசர்கள்! மழித்துவிடு என்று அர்த்தம். சிலர் நகப்பூச்சுப் போத்தலையும் எறிந்தார்கள், பழைய ஃபிரெடியாகத் திரும்பி வா என்று. அவர் அசையவில்லை. அந்த வருடம் வந்த ‘த கேம்’ இசைத்தட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது.

மீசைக்குக் கீழே இன்னொரு அதிசயம். அவருடைய வாயில் நான்கு மேலதிகப் பற்கள் இருந்தன. அவை தள்ளியதால் முன்பற்கள் வெளியே நீண்டன. பேசும்போது மேலுதட்டை இழுத்துப் பல்லை மூடுவது அவர் வழக்கம். அவ்வளவு பணம் இருந்தும் சீர்செய்யவில்லை. பல்லில் கைவைத்தால் குரல் மாறிவிடுமோ என்ற பயம்! தலையை எத்தனை தடவையும் மாற்றுவேன், குரலைத் தொடமாட்டேன் என்று இருந்த கலைஞன். எனக்கு அவரில் ஆகப் பிடித்தது இதுதான்.

இனித்தான் எங்கள் முள்ளியவளைக்காரர் நிமிர்ந்து உட்காரவேண்டிய இடம்.

1984. குழுவின் ஜோன் டீக்கன் எழுதிய ‘ஐ வோன்ட் டு பிரேக் ஃப்ரீ’ பாட்டுக்கு வீடியோ எடுத்தார்கள். நால்வரும் பெண் வேடம். டீக்கன் கிழவி, ரோஜர் டெய்லர் பள்ளிச் சிறுமி, பிரையன் மே தலை முழுக்கச் சுருட்டுக் குழல்கள் செருகிய வீட்டுக்காரி. ஃபிரெடி கறுப்பு டோப்பா, குட்டைப் பாவாடை, கையில் தூசி உறிஞ்சும் கருவி. மீசை மட்டும் அப்படியே! இங்கிலாந்து விழுந்து விழுந்து சிரித்தது, அவர்களுடைய தொலைக்காட்சித் தொடரொன்றைக் கிண்டல் செய்த வீடியோ அது. அமெரிக்கா முகம் சுளித்தது. ஆண் பிள்ளைகள் பெண் உடுப்பில் வருவதா! பாட்டு அங்கே எடுபடவில்லை. 1982க்குப் பிறகு ஃபிரெடியோடு குயீன் அமெரிக்காவில் மேடைப் பயணமே போகவில்லை.

எங்கள் ஊருக்கு இது புதினமா? முல்லைமோடிக் கோவலன் கூத்துக்குப் பேர்போன மண் இது. கண்ணகியும் மாதவியும் பாண்டியன் தேவியும் காலங்காலமாக ஆண்கள்தான். பகல் முழுக்க வயலில் நின்றவர் இரவு முகத்துக்குப் பூசி, பொய்முடி கட்டி, பூ வைத்து வட்டக்களரிக்குள் இறங்குவார். அண்ணாவியார் மத்தளத்தில் கைவைத்ததும் அவர் இவரில்லை. கோவலன் வெட்டுண்ட சேதி வந்து, முடிந்திருந்த கூந்தல் அவிழ்ந்து முதுகில் விழுகிற கட்டம் வரும்போது சுற்றியிருக்கும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். அது ஓர் ஆணின் தலையில் கட்டிய பொய்முடி என்பது அவர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கட்டியிருப்பவர் ஆரென்றும் தெரியும். அழுகை நிற்காது. உலகத்தின் பெரிய தொலைக்காட்சி நாட்டுக்கு 1984இல் விளங்காத கலை, ஒரு வன்னிக் கிராமத்துக்குப் பரம்பரைச் சொத்தாக இருந்தது! நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

கண்ணகியின் கூந்தல் என்றதும் வற்றாப்பளை வரலாறும் வந்துவிடுகிறது. மதுரையை எரித்தபின் கண்ணகி கிழவி உருவில் நந்திக்கடலோரம் வந்தாளாம். மாடு மேய்த்த பெடியன்களிடம் புக்கை வாங்கிச் சாப்பிட்டாளாம். விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை ஊற்று என்றாளாம். பிறகு பேன் பார்க்கச் சொல்லித் தலையைக் கொடுத்தாள். பெடியன்கள் மயிரை விலக்கினால், உள்ளே ஆயிரம் கண்கள்! அதனால்தான் இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முன் கடல்நீர் எடுத்துவந்து எங்கள் காட்டு விநாயகர் கோயிலில் விளக்கெரிக்கிறோம். கூந்தலுக்குள் ஆயிரம் கண் வைத்த கற்பனை வேறெந்த ஊரில் இருக்கிறது, சொல்லுங்கள்!

அதே 1984 வீடியோவில் இன்னொரு துண்டு. நடுவில் ஃபிரெடி திடீரென்று பாலே ஆடுவார். ரஷ்ய நடனக்காரர் நிஜின்ஸ்கி 1912இல் ஆடிய வன தேவன் வேடம். இந்தக் கொஞ்ச நேரக் காட்சிக்காக, ரேசர் எறிந்தும் எடுக்காத அந்த மீசையை அவரே மழித்தார்! ரசிகர் கேட்டதற்குக் கொடுக்காததைக் கலை கேட்டதும் கொடுத்துவிட்டார். கூத்துக்காக மீசையை எடுத்த எங்கள் ஆட்களுக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கும்.

மீசை திரும்ப வளர்ந்தது. 1985 ஜூலை 13, வெம்பிளி அரங்கு, லைவ் எய்ட். குட்டை முடி, மீசை, வெள்ளைப் பனியன். ஏறத்தாழ 72,000 பேர் முன்னால், இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். றொக் வரலாற்றின் ஆகச் சிறந்த மேடை என்று பலரும் சொல்வது இதைத்தான். 1987இல் ‘த கிரேட் பிரிட்டென்டர்’ வீடியோவுக்காக மறுபடியும் மீசை போனது. அந்த வீடியோவில் தன் பழைய வேடங்களைத் தானே திரும்பப் போட்டுக் காட்டினார்.

1991 பெப்ரவரியில் ஒரு கறுப்பு வெள்ளை வீடியோ. எயிட்ஸ் நோய் உடலைத் தின்றுகொண்டிருந்தது, உலகத்துக்கு அவர் சொல்லவில்லை. தடித்த வெள்ளைப் பூச்சு, கலைந்து நிற்கும் பெரிய டோப்பா. பார்த்தவர்கள் இன்னொரு பகிடி வேடம் என்று நினைத்தார்கள். மெலிந்த முகத்தை மறைக்கத்தான் அந்தப் பூச்சும் முடியும்! ஏழு வருடத்துக்கு முன் சிரிக்கவைத்த டோப்பா இப்போது காவல் நின்றது. மே 30ஆம் திகதி கடைசியாகக் கமராவுக்கு முன் வந்தார். நவம்பர் 24ஆம் திகதி, 45 வயதில், போய்ச் சேர்ந்தார். இறுதிக் கிரியையைப் பார்சிப் புரோகிதர்களே நடத்தினார்கள்.

இத்தனை மாற்றத்துக்கும் பக்கத்திலேயே மாறாத ஒரு தலை இருந்தது தெரியுமா? கிற்றார்காரர் பிரையன் மே. எழுபதுகளில் வைத்த அதே சுருட்டை முடிக் காடு, நரைத்திருக்கிறதே தவிர இன்றும் அப்படியே! 1970இல் தொடங்கி இடையில் விட்ட வானியல் ஆராய்ச்சியை முடித்து 2007இல் கலாநிதிப் பட்டமும் வாங்கினார். ஆராய்ந்த பொருள், சூரியனைச் சுற்றித் திரியும் தூசி. 2002இல் பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரையில் ஏறி நின்று கிற்றார் வாசித்தபோது அந்தச் சுருள்முடி காற்றில் பறந்ததைத் தேடிப் பாருங்கள். பார்த்துவிட்டு அப்படியே 1984 வீடியோவுக்குப் போய், அந்தக் காட்டுக்குள் சுருட்டுக் குழல்களை எப்படிச் செருகினார்கள் என்றும் பாருங்கள்!