கங்கையையும் காவிரியையும் இணைக்க விரும்பிய பொறியாளர் அமைச்சர்

புது தில்லி: பெங்களூரின் தென்பகுதியான பொம்மனஹள்ளி வட்டாரத்தில் 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வறண்டன, மக்கள் தண்ணீர் லாரிகளை எதிர்பார்த்துக் காத்திருந்தனர். அதே ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது. பொம்மனஹள்ளி உள்ளிட்ட மண்டலங்களில் மாநகருடன் இணைக்கப்பட்ட 110 கிராமங்களுக்கு நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் நீர் வழங்குவது அதன் நோக்கம். இதற்கென ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்துக்குக் காவிரி நீர் ஏற்றப்படுகிறது.

இவ்வாறு நதிநீரை மேலேற்றி நெடுந்தொலைவு கொண்டுசெல்லும் எண்ணத்தை அரை நூற்றாண்டுக்கு முன்பே தேசியத் திட்டமாக முன்வைத்தவர், மத்திய நீர்ப்பாசன, மின்துறை அமைச்சராக இருந்த டாக்டர் கே.எல். ராவ்.

கிண்டியிலிருந்து தில்லிக்கு: கிருஷ்ணா மாவட்டம் கங்கிபாடுவில் 1902-ல் பிறந்த ராவ், கிண்டி பொறியியல் கல்லூரியில் பயின்று, பிரிட்டனின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். மத்திய நீர், மின் ஆணையத்தில் உயர் பொறுப்பு வகித்தார். நாகார்ஜுனசாகர் அணையின் வடிவமைப்பில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1962-ல் விஜயவாடாவிலிருந்து மக்களவைக்குத் தேர்வானார். அடுத்த ஆண்டே அமைச்சரானார். நேரு, சாஸ்திரி, இந்திரா ஆகிய மூவரின் அமைச்சரவையிலும் இருந்த அவர், 1973 வரை பதவி வகித்தார். அதிகாரிகள் தயாரிக்கும் குறிப்பை அமைச்சர் படிப்பதே வழக்கம். ராவோ அக்குறிப்புகளை எழுதும் இடத்திலிருந்து வந்தவர்.

2,640 கி.மீ. கனவு: 1972-ல் அவர் முன்வைத்த கங்கை-காவிரி இணைப்புத் திட்டத்தின் நீளம் 2,640 கி.மீ. பாட்னா அருகே, ஆண்டில் 150 நாள்கள், விநாடிக்கு 60,000 கன அடி வெள்ளநீரை எடுக்க வேண்டும். அதில் 50,000 கன அடியை 549 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற வேண்டும். செலவு ரூ. 12,500 கோடி என ராவ் மதிப்பிட்டார். மத்திய நீர் ஆணையமோ ரூ. 70,000 கோடி ஆகும் என்றது. நீரேற்ற 5,000 முதல் 7,000 மெகாவாட் மின்சாரம் தேவை என்பதும், வெள்ளத் தடுப்புக்குப் பயனில்லை என்பதும் சேர்ந்து திட்டத்தை முடக்கின.

தீராத கணக்கு: காவிரி உண்மை அறியும் குழு அமைக்கப்பட்டதும் ராவின் பதவிக்காலத்தில், 1972-ல்தான். புள்ளிவிவரங்கள் கிடைத்தன, உடன்பாடு கிடைக்கவில்லை. 1990-ல் நடுவர் மன்றம், 2007-ல் இறுதித் தீர்ப்பு என வழக்கு நீண்டது. பெங்களூரில் மூன்றில் ஒரு பகுதியே காவிரிப் படுகையில் உள்ளது என்ற நடுவர் மன்றத்தின் அளவுகோலை 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நகரின் குடிநீருக்குக் கூடுதலாக 4.75 டிஎம்சி ஒதுக்கியது. தமிழகத்துக்குக் கர்நாடகம் தர வேண்டிய நீர் 192 டிஎம்சியிலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைந்தது.

ராவ் 1986-ல் மறைந்தார். நதிகளை இணைப்பது பற்றித் தில்லி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. பெங்களூரோ தன் வழியில் இணைத்துவிட்டது: தென்கிழக்குப் பகுதிகள் பயன்படுத்திய காவிரி நீர், கழிவாகி, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே தென்பெண்ணையில் கலந்து, ஒசூர் கெலவரப்பள்ளி அணைக்கு நுரையுடன் வந்து சேருகிறது.